குறைந்த செலவில் ஒகேனக்கல்: பாறைக்குள் ஓடும் காவிரியைப் பார்க்க எப்போது, எப்படிப் போவது?

கேள்வி: நீடாமங்கலம் வாசகி

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் நீடாமங்கலத்துக்கு அருகே, வெண்ணாற்றுப் பாசனத்தில் உள்ள ஒரு சிற்றூரைச் சேர்ந்தவர்கள். பிறந்தது முதல் காவிரித் தண்ணீரைக் குடித்தும் அதிலேயே நடவு நட்டும் வாழ்ந்த என் மாமியார், அந்த ஆறு மண் கரைகளுக்கு நடுவே ஓடுவதைத்தான் பார்த்திருக்கிறாரே தவிர, பாறையில் விழுந்து ஓடுவதை ஒரு முறையும் நேரில் கண்டதில்லை. மேற்கே அவர் போயிருப்பது முக்கொம்பு வரைதான். ஒகேனக்கல்லில் இரு பக்கமும் பாறைச் சுவர் எழுந்து நிற்க, நடுவில் பரிசல் போகும் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து, ஒரு முறை அங்கே அழைத்துப் போ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

நாங்கள் மொத்தம் ஆறு பேர்: என் கணவர், நான், ஏழாம் வகுப்பிலும் நான்காம் வகுப்பிலும் படிக்கும் பிள்ளைகள் இருவர், மாமனார், மாமியார். பயணம், தங்கல், சாப்பாடு, பரிசல் எல்லாம் சேர்த்துப் பத்தாயிரம் ரூபாய்க்குள் முடிக்க வேண்டும். சம்பா அறுவடை முடிந்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுப் பணம் கைக்கு வந்த பிறகு, மாசி மாதத்தில் போகலாம் என்று கணவர் சொல்கிறார். அந்த மாதம் பொருத்தமானதா? வேன் வைத்துக்கொள்வது நல்லதா, பேருந்தே போதுமா? மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. அவரைப் பரிசலில் ஏற்றலாமா? போய்வந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: ஓய்வுபெற்ற பாசனப் பணியாளர், திருவையாறு

அம்மா, செலவைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். நான் தண்ணீரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஏனென்றால், ஒகேனக்கல் பயணத்தில் பணம் வீணாவது பெரும்பாலும் வாடகையாலோ சாப்பாட்டாலோ அல்ல. தண்ணீர் மிகுந்து பரிசலை நிறுத்திவிட்ட நாளிலோ, தண்ணீரே இல்லாமல் பாறை காய்ந்து கிடக்கும் நாளிலோ போய் இறங்குவதால்தான்.

முதலில் நம் பக்கத்தில் பரவலாக உள்ள ஒரு தவறான எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜூன் 12 அன்று மேட்டூரில் குறுவைக்குத் தண்ணீர் திறந்தார்கள் என்றதும், அருவி நன்றாக இருக்கும் என்று நினைத்துக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஒகேனக்கல் மேட்டூர் அணைக்கு மேலே இருக்கிறது. அணையில் திறக்கும் நீர் மூன்று நாள் அளவில் கல்லணைக்கு வந்து சேருமே ஒழிய, ஒகேனக்கல் பக்கம் போகாது. ஆகவே நாளிதழில் நீங்கள் பார்க்க வேண்டிய எண், மேட்டூரின் நீர்த்திறப்பு அல்ல, ஒகேனக்கல்லின் நீர்வரத்து. அதை வினாடிக்கு இத்தனை கன அடி என்று நாள்தோறும் போடுகிறார்கள்.

ஒகேனக்கல்லுக்குச் சற்று மேலே, மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் ஆற்றை அளக்கிறது. உச்ச நீதிமன்றம் 16.02.2018 அன்று வழங்கிய தீர்ப்பின்படி, அந்த இடத்தில் கர்நாடகம் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) தர வேண்டும், மாதவாரியாகப் பங்கீடும் உண்டு. ஆகஸ்ட்டுக்கு 45.95, அக்டோபருக்கு 20.22, நவம்பருக்கு 13.78, டிசம்பருக்கு 7.35, ஜனவரிக்கு 2.76, பிப்ரவரி முதல் மே வரை மாதத்துக்கு 2.5 டி.எம்.சி. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுதும் ஓடினால் ஒரு டி.எம்.சி. ஆகும் என்ற கணக்கு நம் ஊர் விவசாயிகளுக்குத் தெரிந்ததே. அதை வைத்துப் பார்த்தால், சராசரியாக ஆகஸ்ட்டில் வினாடிக்கு 17,000 கன அடி, நவம்பரில் 5,300, டிசம்பரில் 2,700, பிப்ரவரியில் ஏறத்தாழ 1,000 கன அடி என்று வருகிறது. இது ஏட்டுக் கணக்கு. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் இதைவிடப் பல மடங்கு வரும், பொய்த்த ஆண்டில் இதுவும் வராது. ஆனாலும் எந்த மாதத்தில் ஆறு எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட எளிய வழிகாட்டி கிடையாது.

கர்நாடகத்து அணைகளான கிருஷ்ணராஜசாகரும் கபினியும் நிரம்பி உபரி நீர் வரும் ஆடி, ஆவணி மாதங்களை அறவே தவிர்த்துவிடுங்கள். 2018, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் அங்கே நீர்வரத்து ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் அருவி என்று தனியாக எதுவும் தெரியாது. பாறைகளெல்லாம் மூழ்கி, செம்மண் நிறத்தில் ஒரே பரப்பாக ஆறு போகும். குளிக்கவும் பரிசல் இயக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை விதித்துவிடும். மேட்டூர் 120 அடியை எட்டியது என்று நாம் இங்கே மகிழ்ந்திருக்கும் நாட்கள்தான் அங்கே போகக் கூடாத நாட்கள்.

நீங்கள் நினைத்திருக்கும் மாசி மாதத்தை நான் குறை சொல்லவில்லை. ஆயிரம் கன அடி அளவில் ஓடும்போது அருவிகள் மெலிந்து கயிறுகயிறாகத்தான் விழும். ஆனால் பாறை இடுக்குகளில் தண்ணீர் ஆழமாகத் தேங்கி நிற்பதால் பரிசல் போகும், நீர்மட்டம் இறங்கியிருப்பதால் பாறைச் சுவரும் உயரமாகத் தெரியும். பாறையைப் பார்க்க வேண்டுமானால் மாசி. தண்ணீரும் சேர்ந்து வேண்டுமானால் கார்த்திகை, மார்கழி. உங்கள் மாமியார் கேட்பது பாறையில் விழுந்து ஓடும் காவிரியை என்பதால், என் விருப்பம் மார்கழிக்குத்தான். எந்த மாதமானாலும், கிளம்புவதற்கு முன் மூன்று நான்கு நாள் நீர்வரத்தைப் பார்த்து, அது ஏறுகிறதா, இறங்குகிறதா, நிலையாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். கபினியில் திறப்பைக் கூட்டிவிட்டார்கள் என்ற செய்தி வந்தால், ஓரிரு நாளில் அது எல்லைக்கு வந்துவிடும். பயணத்தைத் தள்ளிப் போடுவதே மேல்.

பதில் 2: பென்னாகரத்து மகள், பாபநாசத்து மருமகள்

அக்கா, நான் பிறந்தது பென்னாகரம். வாழ்க்கைப்பட்டது பாபநாசம் பக்கம். அதனால் இரண்டு ஊர்க் கணக்கும் எனக்குத் தெரியும்.

வேன் வேண்டாம். தஞ்சாவூரிலிருந்து ஒகேனக்கல் ஏறத்தாழ 310 கிலோமீட்டர். போகவர 600 கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. வாடகை, ஓட்டுநர் படி, சுங்கக் கட்டணம் என்று உங்கள் பத்தாயிரமும் வேனுக்கே போய்விடும். பேருந்தில் போவதானால் தஞ்சாவூர், திருச்சி, நாமக்கல், சேலம், தருமபுரி, பென்னாகரம் வழியாகப் போக வேண்டும். திருச்சியிலிருந்து சேலத்துக்கும், சேலத்திலிருந்து தருமபுரிக்கும் அடிக்கடி பேருந்து உண்டு. தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் 46 கிலோமீட்டர். அதில் பென்னாகரம் தாண்டிய கடைசி 16 கிலோமீட்டர் வனப்பகுதி வழியாக வளைந்து வளைந்து இறங்கும். பிள்ளைகளுக்கு வாந்தி வரும் என்றால் பென்னாகரத்தில் வயிறு முட்டச் சாப்பிடக் கொடுக்காதீர்கள். தருமபுரிக்கும் பென்னாகரத்துக்கும் இடையே சாதாரணக் கட்டண நகரப் பேருந்து கிடைத்தால், 2021 முதல் நடைமுறையில் உள்ள மகளிர் கட்டணமில்லாப் பயணத்தில் நீங்களும் மாமியாரும் ஏறிக்கொள்ளலாம்.

மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாக மைசூரு செல்லும் விரைவு வண்டி சேலத்தில் நிற்கும்; கட்டணமும் பேருந்தைவிடக் குறைவு. ஆனால் தஞ்சாவூரை மாலையில் கடக்கும் அந்த வண்டி சேலத்தை அடைவது நள்ளிரவையொட்டி. வயதானவர்களை வைத்துக்கொண்டு விடியும் வரை நிலையத்தில் காத்திருப்பது சிரமம். மூத்த குடிமக்களுக்கான ரயில் கட்டணச் சலுகையும் 2020 முதல் இல்லை. ஆகவே விடியற்காலையில் பேருந்தில் கிளம்பி, மதியச் சாப்பாட்டுக்குக் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு, அன்று மாலை தருமபுரியில் தங்குவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஒகேனக்கல்லிலேயே தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதியும் தனியார் விடுதிகளும் இருக்கின்றன. விடுமுறை நாட்களில் அங்கே வாடகை ஏறிவிடும். தருமபுரி பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள விடுதிகளில் ஆறு பேருக்கு இரண்டு அறை எடுத்தாலும் கட்டுப்படியாகும். மறுநாள் காலை முதல் பேருந்துகளில் ஒன்றைப் பிடித்தால் கூட்டம் சேர்வதற்குள் பரிசல் துறைக்குப் போய்விடலாம். வரும்போது திரும்பும் பேருந்து நேரத்தையும் நடத்துநரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகு அந்தக் காட்டுச் சாலையில் யானை நடமாட்டம் உண்டு. ஆட்டோ பிடித்துப் போகலாம் என்று நினைக்க வேண்டாம்.

இனிப் பரிசல். உங்கள் செலவில் பெரியது இதுதான். கட்டணம் ஆளுக்கு அல்ல, பரிசலுக்கு. ஓட்டியைத் தவிர நான்கு பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். ஆறு பேர் என்றால் இரண்டு பரிசல் எடுக்க வேண்டும். ஆகவே நான்கு பேர் பரிசலில் போக, இருவர் கரையில் இருந்தால் செலவு நேர்பாதியாகிவிடும். கட்டண விவரத்தைச் சீட்டு கொடுக்கும் இடத்தில் எழுதி வைத்திருப்பார்கள். அங்கேயே பணம் கட்டி ரசீது வாங்குங்கள். பேருந்தை விட்டு இறங்கியதுமே, நான் குறைத்து முடித்துத் தருகிறேன் என்று கூடவே வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுக்காமல் நடந்துவிடுவது நல்லது. பாதுகாப்பு உடை அணியாமல் பரிசலில் ஏறக் கூடாது. பிள்ளைகளுக்கு அவர்கள் அளவில் இருக்கிறதா என்று கேட்டு வாங்கி, வாரை நீங்களே இழுத்துப் பாருங்கள்.

பரிசல் என்பது மூங்கில் பிளாச்சுகளைப் பின்னி, அடியில் நெகிழிச் சாக்கை வைத்துத் தார் பூசியது. முன்பெல்லாம் மாட்டுத் தோல் போர்த்துவார்கள். உட்காரும்போது எடை ஒரு பக்கம் சாயாமல் இருக்க ஓட்டி எதிரெதிரே உட்கார வைப்பார். அவர் சொன்ன இடத்தை விட்டு நகரக் கூடாது, படம் எடுப்பதற்காக எழுந்திருக்கவும் கூடாது. தண்ணீர் அளவாக இருக்கும் நாளில் சின்னாறு பரிசல் துறையிலிருந்து பெரியபாணி, ஐந்தருவி, மெயின் அருவிப் பக்கமாக மணல்மேடு வரை போகும். நீர்வரத்தைப் பொறுத்துத் தொலைவைக் குறைப்பார்கள். பாறை இடுக்குக்குள் நுழைந்ததும் வெளிச் சத்தம் அடங்கி அருவியின் இரைச்சல் மட்டும் கேட்கும். வெள்ளம் தேய்த்துத் தேய்த்து வழுவழுப்பான பாறை கைக்கெட்டும் தூரத்தில் வரும். வெள்ளக் காலத்தில் தண்ணீர் நின்ற உயரம் பாறையில் கோடாகப் பதிந்திருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அந்த இடுக்குக்குள்ளேயே இன்னொரு பரிசலில் தின்பண்டமும் குளிர்பானமும் வைத்துக்கொண்டு வியாபாரி ஒருவர் நெருங்கி வருவார்; விலை கரையில் இருப்பதைவிடக் கூடுதல்தான், ஆனால் பிள்ளைகள் விட மாட்டார்கள்.

சாப்பாட்டுக்கு உணவகம் தேட வேண்டாம். ஆற்றோரக் கடைகளில் மீனை எடை போட்டு வாங்கிச் சுத்தம் செய்து கொடுத்தால், அங்கே விறகடுப்பு வைத்திருக்கும் பெண்கள் குழம்பாகவும் வறுவலாகவும் சமைத்துத் தருவார்கள். கட்லா, ரோகு, கெண்டை, வாளை எல்லாம் கிடைக்கும்; செலவைக் குறைக்க ஜிலேபி மீனே போதும். கூலி, மசாலா, எண்ணெய் எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் மிளகாயைக் கொஞ்சம் தாராளமாகவே போடுவார்கள். தஞ்சாவூர் நாக்குக்குப் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள். எண்ணெய் தேய்த்துவிடுபவர்களிடமும் இதே போல் முதலிலேயே விலை பேச வேண்டும். நல்லெண்ணெயை வீட்டிலிருந்து கொண்டுபோனால் அந்தப் பணம் மிச்சம். குளிப்பது தடுப்புக் கம்பி உள்ள இடத்தில் மட்டும். பாறை வழுக்கும், ஆழம் தெரியாது, ஆற்றில் முதலையும் உண்டு. கைப்பையைக் குரங்கு பிடுங்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பதில் 3: கும்பகோணத்து இளைஞர்

மேலே எழுதியவர்கள் ஒகேனக்கல்லையே சொல்கிறார்கள். பாறை இடுக்குதான் நோக்கம் என்றால், காவிரியில் அதைவிட ஒடுங்கிய இடம் கர்நாடகத்தில் உள்ள மேகேதாட்டு. கனகபுரத்தைத் தாண்டி, அர்க்காவதி ஆறு காவிரியில் சேரும் சங்கமத்தில் இறங்கி, ஆற்றைக் கடந்து சில கிலோமீட்டர் போனால், அவ்வளவு பெரிய ஆறு ஒரு பிளவுக்குள் அடங்கி ஓடுவதைப் பார்க்கலாம். அணை கட்டும் பேச்சினால் செய்தியில் தினமும் அடிபடும் அந்த இடத்தை நேரில் பார்த்துவிடுவது நம் டெல்டாக்காரர்களுக்கு நல்லது என்பது என் கருத்து. நண்பர்களோடு பெங்களூரு போகிறவர்கள் ஒரு நாள் ஒதுக்கலாம்.

ஆனால் வாசகி அவர்கள் கேட்ட பயணத்துக்கு அது ஒத்துவராது. பெங்களூரு வரை போய், அங்கிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வர வேண்டும். பாறைமேல் ஏறி இறங்காமல் பிளவைப் பார்க்க முடியாது. விளிம்பில் கால் தவறினால் பிழைப்பது அரிது. முழங்கால் வலி உள்ளவரையும் நான்காம் வகுப்புப் பிள்ளையையும் அங்கே அழைத்துப் போக நான் சொல்ல மாட்டேன்.

கேட்டவரின் மறுமொழி: நீடாமங்கலம் வாசகி

ஐயா, தங்கை, தம்பி, மூவருக்கும் நன்றி. நீர்வரத்துக் கணக்கைக் கணவரிடம் காட்டினேன். வயலுக்குத் தண்ணீர் வருமா என்பதற்காக நாள்தோறும் பார்க்கும் எண்ணைச் சுற்றுலாவுக்கும் பார்க்கலாம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லையாம். அரையாண்டு விடுமுறையில் போவதென்று இப்போது முடிவாகியிருக்கிறது. அப்போது பயிர் கதிர் வாங்கி நிற்கும். களத்தில் பெரிய வேலை இராது, கடும் மழை பெய்தால் வடிகால் பார்க்க மட்டும் ஆள் வேண்டும், அதற்குக் கொழுந்தனார் இருக்கிறார். பணம்தான் அறுவடைக்கு முன்பே எடுக்க வேண்டியிருக்கிறது. சீட்டுப் பணத்தில் சமாளிக்கலாம்.

இன்னும் இரண்டு சந்தேகம். பரிசலில் ஏறாத இருவர் கரையில் எங்கே இருப்பது? மாமியாருக்குப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதே அந்தப் பாறை இடுக்குக்காகத்தான். அவரை விட்டுவிட்டு நாங்கள் போய்வருவது மனத்துக்கு ஒப்பவில்லை. மாமனார் சைவம், அவருக்குச் சாப்பாடு கிடைக்குமா?

பதில் 4: பென்னாகரத்து மகள், பாபநாசத்து மருமகள்

அப்படியானால் மாமியாரையே பரிசலில் ஏற்றுங்கள் அக்கா. நீங்களோ அண்ணனோ ஒருவர் மாமனாரோடு கரையில் இருந்துவிட்டால் கணக்கு நேராகிவிடும். பரிசலில் உட்கார்ந்திருப்பதில் முழங்காலுக்குப் பெரிய சிரமம் இல்லை. ஏறுவதும் இறங்குவதும்தான் பாடு. துறையில் படிகள் ஈரமாக இருக்கும், பரிசலின் விளிம்பு கொஞ்சம் உயரமாக இருக்கும். சீட்டு வாங்கும்போதே வயதானவர் இருக்கிறார் என்று ஓட்டியிடம் சொன்னால், பரிசலைக் கரையோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு கைகொடுத்து ஏற்றுவார். அன்றைய வழியில் நடுவில் இறங்கிப் பாறைமேல் நடக்க வேண்டியிருக்குமா என்று மட்டும் முன்கூட்டியே கேளுங்கள். நடக்க வேண்டும் என்றால் பக்கத்திலேயே போய்த் திரும்பிவிடச் சொல்லுங்கள். வலி அன்றைக்கு அதிகமாக இருந்தால் ஏற்ற வேண்டாம். தொங்குபாலத்திலிருந்து மெயின் அருவியும் பாறைப் பிளவுகளும் நன்றாகத் தெரியும்.

கரையில் இருப்பவர்களுக்கு ஆற்றங்கரையிலேயே தேசநாதேஸ்வரர் கோயில் இருக்கிறது, நிழலும் உண்டு. பிள்ளைகள் திரும்பி வந்ததும் வனத்துறையின் முதலைகள் மறுவாழ்வு மையத்துக்கு எல்லோரும் சேர்ந்து போகலாம். நுழைவுக் கட்டணம் சிறிய தொகைதான். சைவச் சாப்பாடு பேருந்து நிலையத்தை ஒட்டிய கடைகளில் கிடைக்கும், சுவை சுமார்தான். தருமபுரியில் காலையில் இட்லி கட்டிக்கொண்டு வந்துவிட்டால் மாமனாருக்கு அதுவே போதும். விடுமுறையில் சனி, ஞாயிறும் கிறிஸ்துமஸ் நாளும் தவிர்த்து வார நாளாகப் பார்த்து வாருங்கள். பரிசல் சீட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டியிராது.